சரஸ்வதி படித்த நோட்டு

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்தது அந்தப் பத்திரிகைக்காரருடைய ஆபீஸ். இரண்டு மேசை, ஒரு கம்ப்யூட்டர், கூரை வரைக்கும் பழைய பத்திரிகைக் கட்டு. அம்மாவுக்கு அங்கே கூட்டித் துடைக்கும் வேலை. பள்ளிக்கூடம் விட்டால் நானும் அங்கேதான்.

அவர் அயர்லாந்துக்காரர். யாராவது இங்கிலீஷ்காரர் என்று சொன்னால் மட்டும் முகம் சிவக்கும். பதினாறு வயதில் அவர் ஊர்ப் பேப்பரில் மாட்டுச் சந்தை விலை எழுத ஆரம்பித்தாராம். பிறகு லண்டன். அங்கே ஒரு பெரிய பேப்பர் அவரைக் கோலாலம்பூருக்கு அனுப்பியது. திரும்பக் கூப்பிட்டபோது போகவில்லை. சொந்தமாக ஒரு மாதப் பத்திரிகை ஆரம்பித்தார். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிறவர்கள், லோரி ஓட்டுகிறவர்கள், இவர்களைப் பற்றித்தான் எழுதுவார். தமிழையும் அவர்களிடம்தான் கற்றுக்கொண்டார். அதில் எந்த வார்த்தையை வெளியே சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லிக் கொடுத்தாள்.

யார் என்ன சொன்னாலும் ஒரு நோட்டில் எழுதுவார். அது எழுத்து மாதிரியே இருக்காது. கொக்கி, கோடு, புள்ளி. கோவில் தகட்டில் கீறியிருப்பார்களே, அது மாதிரி. சுருக்கெழுத்து என்று எனக்குத் தெரியாது. மந்திரம் என்று நினைத்தேன்.

அப்போது எனக்குப் பத்து வயது. கணக்கு வராது. சரஸ்வதி பூஜைக்கு மறுநாளே கணக்குப் பரீட்சை. சாமி முன்னால் கணக்குப் புத்தகத்தை மட்டும் வைத்தால் போதாது என்று தோன்றியது. ஆபீஸிலிருந்து அந்த நோட்டை எடுத்து வந்து அடியில் வைத்துவிட்டேன். அம்மா கவனிக்கவில்லை. பொட்டு வைத்தாள், சூடம் காட்டினாள்.

நாலு மணிக்கு அவர் எங்கள் வீட்டு வாசலில் நின்றார். சட்டை நனைந்திருந்தது.

"அக்கா, என் நோட்டைப் பார்த்தீங்களா? காலையில இருந்து தேடுறேன்."

போர்ட் கிள்ளான் கிடங்கில் சுமை விழுந்து ஒரு கால் போன ஒருவருடைய கதை அதில் இருந்தது. மூன்று மாதமாக ரயிலேறிப் போய், அந்தக் கால் போனவர் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. ஆறு மணிக்குள் பக்கம் அச்சகத்துக்குப் போக வேண்டும். தவறினால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டும்.

"பெரிய பேப்பர்காரன் இன்னொருத்தனும் அவரைத் தேடிப் போயிருக்கான் லா," என்றார்.

நான் சாமி மேடையைக் காட்டினேன்.

"அடியே," என்றாள் அம்மா. பிறகு அவரிடம், "எடுத்துக்குங்க பாஸ். சாமி ஒண்ணும் சொல்லாது."

சொன்னாளே தவிர அவள் கை அதன் பக்கம் போகவில்லை. பூஜையில் வைத்ததை மறுநாள் காலையில்தான் எடுப்போம்.

"எடுத்தா நான் ஃபெயிலாயிடுவேன்," என்று அழுதேன்.

அவர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"எப்ப எடுக்கலாம்?"

"நாளைக்குக் காலையில. குளிச்சிட்டு."

"நானும் குளிக்கணுமா?"

"ஆமா," என்றேன்.

வெளியே போய் அச்சகத்துக்குப் போன் பண்ணினார். ரொம்ப நேரம் பேசவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தார்.

"எங்கம்மாவும் ஞாயித்துக்கிழமை சாமி நாளுன்னு என் பேனாவை ஒளிச்சு வச்சிடுவாங்க," என்றார். "சுண்டல் இருக்கா?"

மறுநாள் ஈரத் தலையோடு வந்தார். அம்மா நோட்டை இரண்டு கையாலும் கொடுத்தாள். நாங்கள் செய்வது போலவே கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

நான் கணக்கில் பாஸானேன்.

நாலு நாள் கழித்து, கீழே பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு பேப்பர் கிடந்தது. முதல் பக்கத்தில் அந்தக் கால் போனவரின் படம். ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த போட்டோவில் பார்த்த முகம்தான். பேப்பரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன்.

"அங்கிள், உங்க கதை வந்திருச்சு! சாமி உங்க நோட்டைப் படிச்சு பெரிய பேப்பர்லயே போட்டிருச்சு!"

அம்மா துடைப்பதை நிறுத்தினாள். அவர் நின்றபடியே கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நல்லாதான் எழுதியிருக்கு உங்க சாமி," என்றார்.

கதைக்கு மேலே இருந்தது வேறு ஒருவன் பெயர். எழுதினவர் பெயரை அங்கேதான் போடுவார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பக்கத்தைக் கத்தரித்து, அவர் நாற்காலிக்கு எதிரே சுவரில் ஒட்டினேன். ஒட்டுவதற்குப் பசையை அவர்தான் எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வருஷம் பத்திரிகை நின்றது. அவர் ஆபீஸைக் காலி பண்ணி ஊருக்குப் போகும்வரைக்கும் நான் ஒட்டிய பக்கம் அந்தச் சுவரிலேயே இருந்தது.