குழாயடியில் ஓர் இங்கிலீஷ் திட்டு

எழுபதுகளின் கடைசியில் கல்யாணமாகிக் கொச்சியில் மட்டாஞ்சேரிக்கு வந்தேன். எங்கள் சந்துக்கு ஒரே குழாய். காலையில் கொஞ்ச நேரம்தான் தண்ணீர் வரும். முன்னால் இருக்கிற குடம்தான் நிறையும். அங்கே ஒரு சட்டம் இருந்தது. சண்டை வந்தால், பதில் சொல்ல முடியாமல் வாயடைத்துப் போகிறவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போகவேண்டும். எந்தப் புண்ணியவதி போட்ட சட்டமோ, நாசமாய்ப் போக.

அடுத்த வீட்டுச் சேச்சி தமிழில் திட்டுவாள், மலையாளத்தில் திட்டுவாள், இரண்டும் தீர்ந்தால் கொங்கணியில் திட்டுவாள். எனக்குத் தெரிந்தது திருநெல்வேலித் தமிழ் மட்டும். தினமும் என் குடம்தான் கடைசிக்குப் போனது. அரைக் குடம் தண்ணீரில் சோறு பொங்குவேனா, துணி அலசுவேனா? எரிச்சலையெல்லாம் வீட்டுக்காரர்மேல் காட்டுவேன்.

அவர் மிளகுக் கிடங்கில் குமாஸ்தா. ஒருநாள் கடலை மடித்து வந்த தாள் ஏதோ இங்கிலீஷ் அகராதியில் கிழித்தது. அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

“ஆப்ஜர்கேட். கடுமையாத் திட்டுறதுக்கு இப்படி ஒரு வார்த்தையாம். எங்க முதலாளிக்கே தெரியாது.”

“அப்ப ‘ஐ ஆப்ஜர்கேட் யூ’ன்னா திட்டினதா ஆகுமா?”

“‘உன்னைத் திட்டுறேன்’னு சொன்னதா ஆகும். அதுல திட்டு எங்க இருக்கு?”

“குழாயடிக்கு அது போதும்” என்றேன்.

மறுநாள் சேச்சி வாயைத் திறந்ததுமே, இடுப்பில் கைவைத்துக்கொண்டு சொன்னேன். “ஐ ஆப்ஜர்கேட் யூ.”

சேச்சி திகைத்துப்போனாள். “எந்தாடி அது? அர்த்தம் பறஞ்ஞிட்டுப் போ.”

“யார்கிட்டயாவது கேட்டுத் தெரிஞ்சுக்கோங்க சேச்சி.”

அர்த்தம் தெரியாமல் என்னவென்று பதில் சொல்வாள்? குடத்தைத் தூக்கினாள். சாயாக்கடையில் கேட்டாளாம், ரேஷன் கடையில் கேட்டாளாம், பள்ளிக்கூட வாத்தியாரைக்கூட வழிமறித்துக் கேட்டாளாம். ஒருத்தருக்கும் தெரியவில்லை. அந்த வாரம் முழுக்க முதல் குடம் என்னுடையதுதான். எனக்கு வந்த திமிர் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த வாரம் ஒரு காலையில் நான் குடத்தை வைக்கும்போதே சேச்சி நிமிர்ந்தாள். ஊரெல்லாம் கேட்டுக் கேட்டு அந்த வார்த்தை அவளுக்கு மனப்பாடமாகியிருந்தது.

“ஞான் உன்னை ஆப்ஜர்கேட் செய்யுன்னு. போடி.”

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அதைவிடப் பெரிய வார்த்தை என்னிடம் இல்லை. அந்தத் தாளையும் அடுப்பு மூட்ட எரித்துத் தொலைத்திருந்தேன். முகம் சுள்ளென்று எரிந்தது. அந்த வரிசையிலேயே அதற்கு அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதனால் உருப்படியாகத் திட்டு வாங்கியவளும் நான் ஒருத்திதான். குடத்தைத் தூக்கிக்கொண்டு கடைசிக்குப் போனேன்.