நான் மாற்றிச் சொன்ன பதில்

ஒரு மனிதர் சொன்ன பதிலை நான் மாற்றிச் சொன்னேன். அதனால் அவருக்குக் கிடைக்கவிருந்த வீடு போயிற்று. வாய் தவறிச் சொல்லவில்லை... தெரிந்தே சொன்னேன்.

இதை உங்களிடம் சொல்லக் காரணம், உங்களுக்கு என்னைத் தெரியாது. தெரிந்தவர்கள் ஆறுதல் சொல்லிவிடுவார்கள். எனக்கு அது வேண்டாம்.

தில்லியைச் சுற்றியுள்ள கிராமப்புற மாவட்டங்களில் வீடின்றிக் கிடப்பவர்களுக்கு இடம் தேடித் தருவது எங்கள் அமைப்பின் பணி. தில்லி முனிர்காவில் அலுவலகம். பஞ்சாயத்து, மருத்துவமனை, போலீஸ், குருத்வாரா என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பவர்களை ஒன்றாக உட்கார வைத்து, இந்த மனிதருக்கு யார் என்ன செய்வது என்று பேசி முடிப்பது என் பொறுப்பு.

அங்கே நானே எழுதி, நானே சண்டை போட்டுக் கொண்டுவந்த விதி ஒன்று உண்டு. இருப்பதா, சொந்த ஊருக்குப் போவதா என்பதை அந்த மனிதர்தான் சொல்ல வேண்டும். வேறு யாரும் முடிவு செய்யக் கூடாது. எவ்வளவு பெருமை எனக்கு அந்த விதியில்!

முனுசாமி எங்கள் கண்ணில் பட்டது ஹரியானாவில், ஒரு சிற்றூரின் காய்கறி மண்டியில். விழுப்புரம் பக்கத்துக்காரர். தமிழ்நாட்டிலிருந்து வடக்கே வரும் போர்வெல் லாரி ஒன்றில் சமையல்காரர். காய்ச்சலில் விழுந்தவரை மருத்துவமனையில் விட்டுவிட்டு லாரி வேறு மாநிலம் போய்விட்டது. தேறி வெளியே வந்தவர் மண்டிக் கொட்டகையில் படுக்கத் தொடங்கினார். ஹிந்தியில் அச்சா, ரொட்டி, பானி தவிர எதுவும் தெரியாது.

அந்த வட்டாரத்தில் எங்கள் களப்பணியாளர் ராஜ்பீர். உள்ளூர்க்காரர், நல்ல மனிதர், தமிழ் அறியாதவர். நானோ தில்லி ஆர்.கே.புரம் அரசுக் குடியிருப்பில் பிறந்திருந்தாலும் அம்மாவின் கண்டிப்பில் தமிழ் கற்றவள். ஆகவே முனுசாமிக்கு நான்தான் வாய், நான்தான் காது.

முதலில் அது பிடித்திருந்தது. பிறகு... சலித்துவிட்டது. கால் வீங்கினால் எனக்கு ஃபோன். சோறு கேட்டால் ஃபோன். மண்டியில் தகராறு என்றால் ஃபோன். அம்மாவோடு மருத்துவரிடம் காத்திருக்கும்போதும் ராஜ்பீர் அழைத்து, "மேடம்ஜி, உங்க ஆள் ஏதோ சொல்றார்" என்பார். உங்க ஆள்! அவர் எப்படி என் ஆள் ஆனார்? மொழி ஒன்றாக இருந்துவிட்டால் பாரம் முழுவதும் என் தலையிலா?

ஒருநாள் ராஜ்பீர் உற்சாகமாக அழைத்தார். பள்ளிக்கூடத்தின் பின்னால் பாழாய்க் கிடந்த அறை ஒன்றைப் பஞ்சாயத்திடம் கேட்டு வாங்கிவிட்டாராம். கூரை மாற்றி, தண்ணீர்க் குழாயும் போட்டாயிற்று. மதியச் சமையலுக்கு உதவியாளாகவும் வைத்துக்கொள்வார்களாம். அதற்காக நாயாய் அலைந்திருந்தார் மனிதர். பாக்கி ஒன்றுதான். இருப்பாரா, போவாரா என்று அவரையே கேட்டுச் சொல்லுங்கள் என்றார்.

ஃபோனை அவரிடம் கொடுக்கச் சொல்லி முனுசாமியைக் கேட்டேன்.

"ஊருக்கு வாணாம்மா. வூட்ட எழுதி வாங்கிக்கினு வெளிய போன்னுட்டான் பையன். அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன். இங்கயே ஒரு மூலையில கெடந்துக்குறேன்னு சொல்லு."

எவ்வளவு தெளிவான பதில்! ஆனால் எனக்குத் தோன்றியது என்ன தெரியுமா? இவர் இருந்தால் இந்த ஃபோனும் இருக்கும். வருடக்கணக்கில்... இவர் கண்மூடும்வரை...

"ஊருக்குப் போகணுமாம்" என்று ராஜ்பீரிடம் ஹிந்தியில் சொன்னேன். குரல் நடுங்கக்கூட இல்லை.

அவர் விருப்பம்தானே முக்கியம் என்றார் ராஜ்பீர். என் விதியைத்தான் சொன்னார்.

முனுசாமியிடம், இங்கே இடம் தர முடியாதாம், ஊருக்குத்தான் அனுப்புவார்களாம் என்றேன். இந்தப் பக்கம் ஒரு பொய், அந்தப் பக்கம் ஒரு பொய். ரயிலேற்றி விடவும் நானே போனேன், தயிர்சாதம் கட்டிக்கொண்டு! அந்தப் பொட்டலத்தை நினைத்தால் இன்றும் எனக்கு என் மீதே அருவருப்பாக இருக்கிறது.

அந்த வட்டாரத்தில் இனி வீடற்றவர் எவருமில்லை என்று சாணக்யபுரி விருந்தினர் இல்லத்துக் கூட்டத்தில் அறிவித்தேன். கைதட்டினார்கள். முனுசாமிக்கென்று கூரை போட்ட அறையில் இப்போது உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

நான் மறந்தே போயிருப்பேன். ஆனால் சென்ற குளிர்காலத்தில், ஆர்.கே.புரம் முருகன் கோயிலின் பிரசாத வரிசையில் அவரைப் பார்த்தேன். பாதியாய் இளைத்திருந்தார். மகன் கதவைத் திறக்கவே இல்லையாம். கிடைத்த ரயிலில் ஏறித் தில்லிக்கே வந்துவிட்டார். மேம்பாலத்தின் கீழே படுக்கை. ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். நீ இருக்கும் ஊராயிற்றே என்றார்.

ஓடிவிடலாமா என்றிருந்தது. அவர் விடவில்லை. தம் தொன்னையிலிருந்த பொங்கலில் பாதியை என் கையில் வைத்தார்.

"எனக்கோசரம் நீ எவ்ளோ மல்லாடியிருப்ப. அவனுங்க கேக்கல. நீ இன்னா பண்ணுவ, பாவம்."

அந்தப் பொங்கலைத் தின்றேன். ஆம்... தின்றேன்! இன்னொரு முறை அவர்களிடம் கேட்டுப் பார் என்றார். கேட்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

ஏன் இன்னும் கேட்கவில்லை என்றுதானே நினைக்கிறீர்கள்? பெரியவர் மனம் மாறிவிட்டார் என்று ராஜ்பீரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெஞ்சுகளை அன்றைக்கே வெளியே எடுத்துப் போடுவார்.

ஆனால் அன்று வரிசையில் இன்னொன்றையும் கேட்டேன். பொங்கல் போட்ட வடக்கத்திப் பையனிடம் முனுசாமி சரளமாக ஹிந்தியில் பேசினார். பாலத்தின் கீழே இத்தனை மாதத்தில் பழகிக்கொண்டாராம். இனி அவருக்கு நான் வாயாக இருக்க வேண்டியதில்லை. ராஜ்பீரும் அவரும் எதிரெதிரே உட்கார்ந்தால், அன்று என்ன கேட்டார்கள், என்ன சொன்னார் என்று அவர்களே பேசிக்கொள்வார்கள்.

எதைத் தட்டிக்கழிக்க அந்தப் பொய்யைச் சொன்னேனோ அந்தப் பாரம் தானாகவே நீங்கிவிட்டது. இப்போது என் மானத்துக்காக அவரைப் பாலத்தின் கீழே வைத்திருக்கிறேன். இது முதல் குற்றத்தைவிடப் பெரிதில்லையா? உங்களிடம் இவ்வளவும் சொல்ல முடிகிறது. ராஜ்பீரின் எண்ணை அழுத்த முடியவில்லை...

செவ்வாய்க்கிழமைகளில் கோயில் படிக்கட்டில் எனக்காகக் காத்திருக்கிறார். பதில் வந்ததா என்று நேற்றும் கேட்டார்.

இன்னும் வரவில்லை என்றேன்.