பின்னால் இருக்கை இல்லாத வண்டி

என் அக்கா வீட்டுக்காரர் நகரப் பேருந்து ஓட்டுநர். டிப்போவில் அவருக்குப் பெயர் ‘நிதானம்’. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் பிழைத்திருக்கிறது. இருபது வருஷமாக ஒரே தடத்தில் ஓட்டுகிறார், ஒரு நாய்க்குட்டியைக்கூட இடித்ததில்லை. அவர் பிரேக் பிடிப்பது பயணிகளுக்குத் தெரியாது. ஜன்னல் வழியே பார்த்து, கடைகள் நகராமல் இருந்தால்தான் பஸ் நின்றுவிட்டது என்று புரிந்துகொள்வார்கள். இப்படிப்பட்டவர் நாற்பத்தாறாவது வயதில் எனக்கு ஃபோன் செய்து, “மச்சான், ஒரு ஸ்போர்ட்ஸ் பைக் பாக்கணும். பழசு போதும்” என்றார்.

நான் அப்போது ஓர் அலுவலகத்தில் ஜெராக்ஸ் மெஷினைப் பிரித்துப் பரப்பிவிட்டு அதன் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அதுதான் என் பிழைப்பு. கையில் இருந்த உருளையைக் கீழே வைத்துவிட்டு, “யாருக்கு மாமா?” என்றேன்.

“எனக்குத்தான்.”

டிப்போ அவர் வீட்டிலிருந்து நடக்கும் தூரம். அதனால் அதுவரை அவருக்கு இருசக்கர வண்டியே தேவைப்படவில்லை. ஆறு மாதத்துக்கு முன்னால்தான் என் சின்ன வண்டியில் பழகி லைசன்ஸ் எடுத்திருந்தார். பழக்கிய பாவி நான். பேலன்ஸ் அவருக்கு இரண்டே நாளில் வந்துவிட்டது. வராதது புறப்பாடு. பஸ்ஸில் ஒரு மணி அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு மணி அடித்தால் எடுக்க வேண்டும். கண்டக்டர் அடிக்காமல் இருபது வருஷமாக அவர் எங்கேயும் கிளம்பியதில்லை. கியர் போட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, அப்படியே உட்கார்ந்திருப்பார். நான் திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில் அவர் ஹெல்மெட்டில் ‘டொக் டொக்’ என்று இரண்டு தட்டு தட்டினேன். வண்டி வெண்ணெய் போலக் கிளம்பியது.

எதற்கு இந்த வயதில் இந்த ஆசை என்று கேட்டேன். சொன்னார்.

அவருடைய தடத்தில் ஆற்றுப் பாலத்திலிருந்து இறங்கும் இடத்தில் ஒரு நீளமான வளைவு இருக்கிறது. பஸ்ஸில் அதை உருட்டிக்கொண்டுதான் போக முடியும். கம்பியைப் பிடித்து நிற்கிற ஜனம் உள்ளே இருக்கிறது, கொஞ்சம் வேகம் கூடினால் ஒருத்தர் மடியில் ஒருத்தர் விழுவார்கள். இவர் உருட்டிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் மோட்டார் சைக்கிள்காரர்கள் உடம்பைச் சாய்த்து ஒரே இழுப்பில் இறங்கிப் போவார்கள்.

“அந்த ரோட்ட போட்டவன் அப்படிப் போறதுக்குத்தான் போட்டிருக்கான் மச்சான். நான் டெய்லி அது மேல போறேன். ஆனா ஒரு தடவகூட அந்த ரோட்டுல போனதில்ல.”

“என் வண்டிலயே போலாமே?”

“உன் வண்டி சாயாது. இருமும்.”

புதிதாக ஓட்டுகிறவருக்குப் பழைய வண்டி எதற்கு, புதிது வாங்கலாமே என்றும் சொல்லிப் பார்த்தேன். அதற்கும் பதில் வைத்திருந்தார். “நான் எப்படியும் ஒரு தடவ கீழ போடுவேன். புதுசு விழுந்தா எனக்கு நெஞ்சு வலிக்கும். பழசு விழுந்தா அதுக்கு மட்டும்தான் வலிக்கும்.”

ஆசை யாரை விட்டது. கிளம்பினோம்.

முதல் வண்டி ஒரு செகண்ட் ஹேண்ட் கடையில் இருந்தது. பதினாறு வருஷத்து வண்டி, ஆனால் நேற்றுத்தான் பெட்டியிலிருந்து எடுத்தது போல மினுங்கியது. மீட்டரைப் பார்த்தால் ஓடியதே இல்லை. டிப்போ கணக்கில் குறைவாக ஓடிய வண்டிதான் நல்ல வண்டி, அதனால் மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. எனக்கும்தான். கடைக்காரர் பொத்தானைத் தொட்டதும் இன்ஜின் பாடியது. நான் விலை பேச வாயைத் திறந்தேன். மாமா மட்டும் வழக்கம்போல வண்டியைச் சுற்றி வந்தார். காலையில் பஸ் எடுப்பதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார், குனிந்து அடியில் எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்ப்பார். இங்கேயும் அதையே செய்தார். டயரில் வரி எல்லாம் புதிதாக இருந்தது. ஆனால் ரப்பர் கல்லாக இருந்தது, பக்கவாட்டில் மயிரிழை மாதிரி வெடிப்புகள்.

“இது எத்தன வருஷமா நிக்குது?”

“சும்மாதாங்க நின்னுது. ஓட்டவே இல்ல” என்றார் கடைக்காரர் பெருமையாக.

“அதான் கேக்கறேன்.”

பெட்ரோல் மூடியைத் திறக்கச் சொல்லி உள்ளே பார்த்தார். டேங்க்கின் உள்சுவர் துருப்பிடித்துச் செங்கல் நிறத்தில் இருந்தது. இன்ஜினோ நாங்கள் வருவதற்கு முன்பே சூடாக இருந்தது. யாரோ ஏற்கெனவே மல்லுக்கட்டி எழுப்பி வைத்திருக்கிறார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நினைத்த நான் திறந்த வாயை மூடிக்கொண்டேன். வெளியே வந்ததும், “நிறுத்தி வெச்ச பஸ்தான் மச்சான் முதல்ல கெட்டுப் போவும்” என்றார் மாமா. கொஞ்சம் முன்னால் மீட்டரைப் பார்த்து மயங்கியவரும் இவர்தான்.

இரண்டாவது ஓர் இளைஞனுடையது. இன்ஜின் ஆயிரம் சிசி. மாமா ஏறி உட்கார்ந்து, இன்ஜினைப் போட்டு, கைப்பிடியை ஒரு நூல் முறுக்கினார். தெரு முழுக்க அதிர்ந்தது. அணைத்துவிட்டு இறங்கினார். “ரொம்ப நல்ல வண்டி தம்பி. எனக்கு ஆவாது” என்றார். எனக்கு அதில் ஒரு சுற்று போக ஆசையாக இருந்தது. என்னை யாரும் கேட்கவில்லை.

மூன்றாவது வண்டியின் சொந்தக்காரி ஒரு பிசியோதெரபிஸ்ட். முதுகுவலிக்காரர்களை நிமிர்த்துகிற அம்மா பன்னிரண்டு வருஷமாகக் குனிந்து வண்டி ஓட்டியிருக்கிறார். நானூறு சிசி, சிவப்பு, வலது பக்கம் முழுக்கச் சிராய்ப்பு. மீட்டரில் எக்கச்சக்கமாக ஓடியிருந்தது.

“இந்தப் பக்கம்?” என்று மாமா சிராய்ப்பைக் காட்டினார்.

“கீழ போட்டேன். மணல்ல பிரேக் புடிச்சேன். ஆனைக்கும் அடி சறுக்கும் இல்ல? பெயின்ட் அடிச்சு மறைக்கலாம். அப்பறம் நீங்க வேற எதையோ மறைச்சிருக்கேன்னு நெனைப்பீங்க.”

இன்ஜின் சில்லென்று இருந்தது. சோக் இழுத்து, இரண்டு தடவை முரண்டு பிடித்து, மூன்றாவதில் எழுந்தது. டயர் போன வருஷத்தது, கட்டைவிரலுக்கு அமுங்கிக் கொடுத்தது. மாமா ஏறிக் குனிந்தார். தொப்பை டேங்க்கின் மேல் போய் உட்கார்ந்தது. கியர் போட்டார், கண்ணாடியில் பின்னால் பார்த்தார், நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“ஏதாவது பிரச்சனையா?” என்றார் அந்த அம்மா.

“ஒண்ணுமில்லீங்க” என்று நான் போய் வண்டியின் வாலில் இரண்டு தட்டு தட்டினேன். கிளம்பினார். தெருமுனையில் ஏதோ முப்பதடி நீளம் பின்னால் வருவது போல அகலமாகச் சுற்றித் திரும்பினார். ஆனால் திரும்பி வந்தபோது முகம் வேறாக இருந்தது. அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

வண்டியின் பின்பாதியில் இருக்கை இல்லை. அங்கே கூம்பாக ஒரு மூடி இருந்தது. “பின் சீட்டு தனியா பரண்ல இருக்கு. எடுத்துத் தரட்டுமா? பின்னாடி யாராவது உக்காருவாங்களா?” என்று கேட்டார் அந்த அம்மா.

“இல்ல. யாரும் இல்ல” என்றார் மாமா.

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. எனக்கே சுருக்கென்றது.

அக்கா ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறாள். கை கால் உடைந்தவர்களின் சொந்தக்காரர்கள் நாள் முழுக்க அவள் முன்னால்தான் வரிசையில் நிற்கிறார்கள். அதனால் விபத்தைச் சொல்லித்தான் பிடித்துக்கொள்வாள் என்று நாங்கள் வழியெல்லாம் பதில் தயார் செய்துகொண்டு போனோம். கவசச் சட்டை, கையுறை, பூட்ஸ், நிதானம் என்ற பட்டப்பெயர், எல்லாம் தயார். அவள் வாசலுக்கு வந்து வண்டியை முன்னிருந்து பின்னாகப் பார்த்தாள்.

“எனக்கு எங்க இடம்?” என்றாள்.

இதற்கு நாங்கள் பதில் தயார் செய்திருக்கவில்லை.

“இது... ஒரு ஆளு வண்டிம்மா” என்றார் மாமா.

“ஓ” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

அவள் மருந்தியல் படித்த காலத்தில் தினமும் அவர் பஸ்ஸில்தான் போனாள். ஓட்டுநருக்கு நேர் பின்னால் இருக்கும் இருக்கை அவளுடையது. ஒரு வருஷம் முதுகைப் பார்த்த பிறகுதான் மாப்பிள்ளை முகத்தைப் பார்த்தாள் என்று கல்யாணத்தின்போது வீட்டில் எல்லோரும் கேலி செய்தோம். அவருக்குப் பின்னால் உட்கார்ந்ததில்தான் அவள் குடும்பமே தொடங்கியது. அவளிடம் போய் ஒரு ஆள் வண்டி என்றால் எப்படி இருக்கும்? எனக்கு அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மாமாமேல் கோபப்படலாம் என்று பார்த்தால் அதுவும் வரவில்லை. பின்னால் அறுபது பேரோடு இருபது வருஷம் ஓட்டிய மனுஷன், ஒரு மணி நேரம் யாரும் இல்லாமல் போக ஆசைப்பட்டது குற்றமா?

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் தேவலாம். அவர் சாப்பிடும் நேரத்துக்குச் சாப்பாடு வந்தது, துவைத்த சீருடை மடித்து வந்தது, பேச்சு மட்டும் வரவில்லை. வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அது நிற்கும் பக்கம் அவள் பார்ப்பதே இல்லை.

மாமா விடுமுறை நாட்களில் வண்டியைத் துடைத்து, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, இன்ஜினைச் சூடேற்றி, தெருவை நாலு சுற்று சுற்றிவிட்டுக் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். பாலத்துப் பக்கமே போகவில்லை. நான் இரண்டு மூன்று தடவை அந்த நேரத்தில் அங்கே இருந்திருக்கிறேன். அக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பாள். வண்டி கிளம்பியதும் குழாயை மூடுவாள், அது திரும்பி வந்து அணைந்ததும் திறப்பாள். தண்ணீரை மிச்சப்படுத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

“என்ன மாமா, பாலத்துக்குப் போகலியா?”

“வண்டி இன்னும் கைக்குப் பழகல மச்சான்.”

பொய். வண்டி பழகிவிட்டது. தெருமுனையில் இப்போதெல்லாம் பஸ் மாதிரி திரும்பவில்லை, லேசாகச் சாய்கிறார். அவர் போகாததற்குக் காரணம் வண்டி இல்லை. மணி அடிக்க வேண்டியவள் சமையலறையில் இருந்தாள். ஆனால் இதை அவளிடம் சொல்லி, பூனைக்கு யார் மணி கட்டுவது?

ஒரு விடுமுறை நாள் காலையில் கூப்பிட்டு, திருகு கழற்றும் பானாக்களை எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். போனால், அந்த பிசியோதெரபி அம்மாவிடமிருந்து பின் இருக்கையை வாங்கி வந்து வைத்திருந்தார். கூம்பு மூடியைக் கழற்றி, இருக்கையைப் போட்டு, நான்கு திருகுகளையும் முறுக்கினோம்.

“அப்ப பாலம்?” என்றேன்.

“ரோடு எங்கயும் ஓடிடாது. வயசான காலத்துல நமக்கு எதுக்கு அதெல்லாம்” என்றார். அந்த மாதிரி பேசுகிறவர் இல்லை அவர்.

உள்ளே குழாய் நின்றது. அக்கா ஈரக்கையோடு வந்தாள். அன்றுதான் முதல் தடவையாக அந்த வண்டியின் பக்கத்தில் வந்து நின்றாள். புது இருக்கையைக் கட்டைவிரலால் அமுக்கினாள்.

“இது சீட்டா? புத்தகம் வெக்கற பலகை மாதிரி இருக்கு.”

“ஸ்போர்ட்ஸ் பைக்ல அவ்ளோதான்மா வரும்.”

அவள் என் சின்ன வண்டியிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். என்னைக் கேட்கவில்லை. என் தோளைப் பிடித்து ஒரு காலை வைத்து, “ஐயோ, மாடி ஏறுற மாதிரி இருக்கே” என்று ஏறி உட்கார்ந்தாள். மாமா கண்ணாடியில் பின்னால் பார்த்தார். காத்திருந்தார். அவள் அவர் ஹெல்மெட்டில் ‘டொக் டொக்’ என்று தட்டினாள்.

வண்டி கிளம்பியது. கிளம்பியது என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் பின்னாலேயே நடந்து போனேன், மூச்சு வாங்காமல் கூடவே வந்துவிட்டேன். ஒவ்வொரு குழிக்கும் முன்னால் அவர் முழுக்க நின்று, அப்புறம்தான் வண்டியைக் குழியில் இறக்கி ஏற்றினார். அறுபது பேரை ஏற்றிய பஸ்கூட அவ்வளவு மெல்லப் போகாது.

தெருமுனையில் அக்கா ஒரே ஒரு தட்டு தட்டினாள். அவர் உடனே நிறுத்தினார்.

“என்னம்மா?”

“என் ஸ்டாப் வந்துடுச்சு” என்று இறங்கினாள்.

“பிடிக்கலியா? இன்னும் மெதுவா போறேனே.”

“இன்னும் மெதுவாவா? நான் பின்னாடி இருந்தா நீங்க பஸ்தான் ஓட்டுவீங்க. அதை நான் நெறைய பாத்தாச்சு.” ஹெல்மெட்டைக் கழற்றினாள். “யாரும் இல்லன்னு நீங்களே முடிவு பண்ணீங்க பாருங்க, அதான் எனக்கு வலிச்சுது. என்கிட்ட கேட்டிருந்தா நானே போகச் சொல்லியிருப்பேன்.”

மாமா வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பப் போனார்.

அக்கா காலி இருக்கையின் மேல் இரண்டு தட்டு தட்டினாள்.

அவர் ஒரு தடவை கண்ணாடியில் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். கிளட்ச்சை விட்டார். வண்டி பெரிய ரோட்டில் ஏறி, பாலம் இருக்கும் திசையில் போய்க் கண்ணுக்கு மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் ஹெல்மெட்டுக்காகக் கை நீட்டினேன். அவள் தரவில்லை. தலையைக் கொஞ்சம் சாய்த்து நின்றிருந்தாள்.

“இன்னும் ரெண்டாவது கியர்லயே போறாரு பாரு” என்றாள்.

“உனக்கு எப்படிக்கா தெரியும்?”

“பேசாத.”

தூரத்தில் அந்தச் சத்தம் ஒரு நொடி அறுந்து, இறங்கி, மறுபடி எழுந்தது.

“மூணு” என்றாள் அக்கா.