அட்டையின் பின்பக்கத்தில் நான் போட்ட கழித்தல்

என் கையெழுத்து கோணல். எழுத்துப் பிழையும் நிறைய வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். அக்காவின் முதலாண்டு நினைவாகப் போட்ட இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்களும் நண்பர்களும் முதலில் அதற்காக என்னை மன்னிக்க வேண்டும். சின்ன ர, பெரிய ற எல்லாவற்றையும் எங்கள் அச்சகத்தில் டைப் செய்யும் பெண் திருத்தியிருக்கிறார். செய்தியை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அக்கா அடி அண்ணாமலையில் பிறந்தார். எனக்கு ஐந்து வயது மூத்தவர். அக்கா பத்தாவது எழுதிய வருடம்தான் எங்கள் அப்பா இறந்தார். அந்தப் பரீட்சையில் கணக்கில் மட்டும் போய்விட்டது. மறுபடி எழுத வைக்க வீட்டில் ஆள் இல்லை. அக்கா வேர்க்கடலை பறிக்கக் கூலிக்குப் போனார். நான் திருவண்ணாமலையில் ஓர் அச்சகத்தில் பைண்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றும் அதே வேலைதான்.

கல்யாணத்துக்குப் பிறகு அக்கா அங்கன்வாடியில் உதவியாளராக இருந்தார். சமைப்பார், பெருக்குவார், பிள்ளைகளைக் கழுவி விடுவார். டீச்சர் வராத நாட்களில் பாடமும் அக்காதான். ஆனால் பதிவேட்டில் கையெழுத்துப் போடும் உரிமை கிடையாது. பத்தாவது தேறினால் டீச்சர் வேலைக்கு மனுப் போடலாம், வயது காரணமாக இதுவே கடைசி வருடம் என்று ஆபீசில் சொல்லியிருக்கிறார்கள். முப்பது வருடம் கழித்து அக்கா தனித்தேர்வுக்குப் பணம் கட்டினார். அதற்கு முன்பே சர்க்கரை நோய் சிறுநீரகத்தைத் தொட்டிருந்தது. வாரம் இரண்டு முறை பெரியாஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்துவிட்டு வந்து, கைடைப் பிரித்துக்கொண்டு உட்காருவார்.

எக்ஸ் போட்ட கணக்குதான் அவருக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் சொன்னார்: "இந்தப் பக்கம் கூட்டல்ல இருக்கறது, சமக்குறிய தாண்டிப் போனா கழித்தலா மாறிடுமாம்டா. எனக்கு அது மறந்து மறந்து போவுது. கண்ணால பாத்தா மறக்க மாட்டேன்."

கண்ணால் பார்க்கிற மாதிரி செய்வது என் தொழில். கல்யாணப் பத்திரிகை வெட்டி மிஞ்சிய கெட்டி அட்டையை எடுத்தேன். நடுவில் சமக்குறி எழுதினேன். அந்த இடத்தில் காடாத் துணி ஒட்டி, புத்தகத்தில் ஏடு திருப்புவது போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பும் மடிப்புகள் வைத்தேன். அக்கா தந்த கணக்கு 2x + 5 = 15. ஒரு மடிப்பின் முன்பக்கம் +5. அதைச் சமக்குறிக்கு அந்தப் பக்கம் திருப்பினால் பின்பக்கம் தெரியும், அதில் −5. அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்துச் சிரித்தார். "இன்னாடா இது, மந்திரம் மாதிரி இருக்கு" என்றார்.

எக்ஸுக்கு முன்னால் இருந்த 2-க்கும் ஒரு மடிப்பு வைத்தேன். எல்லாவற்றுக்கும் பின்னால் கழித்தல்தானே என்று அதன் பின்பக்கமும் −2 என்று எழுதினேன். எனக்குப் பக்கத்து மேசையில்தான் டைப் செய்யும் பெண் உட்காருகிறார். கணக்கு எடுத்துக் காலேஜ் படித்தவர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அஞ்சாவது படித்தவனுக்கு எதற்கு இது என்று நினைத்துவிடுவாரோ என்று கூசி, அட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்காவுக்குச் சந்தேகம் வராமல் இல்லை. "கைடுல விடை அஞ்சுனு போட்டிருக்கு. அட்டையில பத்துல ரெண்டு போனா எட்டு வருதே?" என்று கேட்டார்.

நான் சொன்ன பதில் இது: "கைடுல எல்லாம் அச்சுத் தப்பு ஜாஸ்திக்கா. நான் தெனமும் பாக்கறேனே."

அது பொய் இல்லை. தினமும் அச்சுப் பிழைகளைப் பார்ப்பவர்கள்தான் நாங்கள். அதனால் அச்சடித்ததை நம்பாமல், தம்பி கையால் செய்ததை அக்கா நம்பினார். கைடில் இருந்த ஐந்தை அடித்து எட்டு என்று எழுதிக்கொண்டார்.

தேர்வு முடிவு வந்தது. கணக்கில் தேறுவதற்கு முப்பத்தைந்து வேண்டும். அக்காவுக்கு முப்பத்திரண்டு. நான் தலை குனிந்து, அட்டை உதவவில்லையா என்று கேட்டேன். "அட்டை இல்லன்னா முப்பத்திரண்டு ஏதுடா? மூணு மார்க்தானே கம்மி. துணைத்தேர்வுல எடுத்துடறேன்" என்றார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் நாள். பையில் அந்த அட்டையையும் வைத்துக்கொண்டு ஆட்டோ ஏறினார்.

துணைத்தேர்வுக்கு ஹால் டிக்கெட் வந்தது. பரீட்சைக்கு நான்கு நாள் இருக்கும்போது மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மூன்றாம் நாள் அக்கா எங்களை விட்டுப் போய்விட்டார். கணக்குப் பரீட்சை நடந்த நேரத்தில் நாங்கள் சுடுகாட்டில் பால் தெளித்துக்கொண்டிருந்தோம்.

காரியம் முடிந்த அன்று அக்காவின் கணவர், எங்கள் மாமா, அந்த அட்டையை என்னிடம் கொடுத்தார். உள்ளே ஹால் டிக்கெட் இருந்தது. மடிப்பைத் திருப்பினேன். பின்பக்கத்தில் நான் எழுதிய −2 சிவப்புப் பேனாவால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் ÷2 என்று அக்காவின் எழுத்து.

அப்போதும் எது சரி என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் டைப் செய்யும் பெண்ணிடம் கூச்சத்தை விட்டுக் காட்டினேன்.

"சிவப்புல இருக்கறதுதான் சரிங்கண்ணா. பெருக்கல்ல இருக்கறது அந்தப் பக்கம் போனா வகுத்தல்."

"இது ஒரு கணக்குலதான் வரும் இல்லம்மா?"

அவர் மடிப்பை மெதுவாக மூடினார். "நெறைய கணக்குல வருங்கண்ணா" என்றார்.

அக்கா எப்போது கண்டுபிடித்தாரோ, யாரிடம் கேட்டாரோ தெரியாது. என்னிடம் சொல்லவில்லை. நான் நொந்துபோவேன் என்று சொல்லாமல் விட்டிருப்பார். அக்கா, நீ என்னைத் திட்டியிருக்கலாம். ஒரு வருடமாக மிஷினில் காகிதம் வெட்டும்போதெல்லாம் அந்த மூன்று மார்க்குதான் கண் முன்னால் வருகிறது. இதை உங்கள் எல்லோரிடமும் சொல்லாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அக்காவைத் தூக்கிச் சுமந்த ஊர்க்காரர்களுக்கும், கடைசி மூன்று நாள் பார்த்துக்கொண்ட நர்சம்மாக்களுக்கும், அழுதுகொண்டே வந்து நின்ற அங்கன்வாடிப் பிள்ளைகளின் தாய்மார்களுக்கும், அட்டை கொடுத்த முதலாளிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இந்த மலரின் பின்னட்டைக்குள் அதே போல ஒரு மடிப்பு அட்டை வைத்து ஒட்டியிருக்கிறேன். முந்நூறு மலருக்கும் என் கையால் செய்தேன். பின்பக்கம் ÷2 என்றுதான் இருக்கிறது. டைப் செய்யும் பெண் இரண்டு முறை பார்த்துக் கொடுத்தார். வீட்டில் யாராவது படித்தால் கொடுங்கள். அதிலும் தப்பு இருந்தால் சிவப்பில் திருத்திக்கொண்டு சும்மா இருந்துவிடாதீர்கள். என்னிடம் வந்து சொல்லுங்கள்.

எழுதி முடித்தது, ஆனி மாதம், பௌர்ணமிக்கு மறுநாள், வியாழக்கிழமை.