காதுக்குள் ஓயாத கீச்சொலியும் மூன்று நிற இரைச்சலும்

காஞ்சிபுரத்தில் காது மருத்துவரின் அறைக்கு வெளியே காத்திருந்தேன். பக்கத்து பெஞ்சில் ஒரு குழந்தைக்கு நெபுலைசர் (மருந்தை ஆவியாக்கி மூச்சில் செலுத்தும் கருவி) வைத்தார்கள். 'உஸ்ஸ்' என்று அது ஓடத் தொடங்கியதும், என் இடது காதில் வாரக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருந்த கீச்சொலியைக் காணோம்! கருவியை நிறுத்தினார்கள். கீச்சொலி திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது. நர்ஸிடம் போய் 'இன்னும் கொஞ்சம் ஓட்டுங்களேன்' என்று கேட்கலாம் போலிருந்தது. இரைச்சலை இரைச்சலால் மறைக்கலாமே என்று அப்போதுதான் தோன்றியது.

இதே கீச்சொலியோடு தூங்க முடியாமல் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

உத்திரமேரூரில் என் அப்பாவுக்கு மைக் செட் கடை. நைனா என்றுதான் கூப்பிடுவேன். இயற்பியல் படித்துவிட்டு அரசுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் நான், ஆடி மாதத்தில் அவருக்குக் கை உதவி. கூழ் ஊற்றும் திருவிழா ஒன்றில் ஒயரைச் சரிபார்க்கக் குழாய் ஸ்பீக்கருக்கு நேரே நின்றிருந்தேன். மைக் 'கூ'வென்று ஊளையிட்டது. அன்று வந்த கீச்சொலி போகவில்லை. தூக்கம்தான் போயிற்று. ஒரு பத்தி படித்து முடிப்பதற்குள் காது குறுக்கே வந்து நின்றது. இந்தத் தேர்வை எழுதுவேனா என்றே பயம் வந்துவிட்டது.

செவித்திறன் சோதனையில், மேல் சுருதி ஒலிகள் கேட்பதில் சிறு சரிவு தெரிந்தது. மருத்துவர் நிதானமாகச் சொன்னார்: "இது டின்னிடஸ் (வெளியே ஒலி இல்லாமலே காதுக்குள் கேட்கும் இரைச்சல்). மாத்திரையால முழுசா நிக்கும்னு சொல்ல முடியாதும்மா. பழகிக்கலாம். ரொம்ப அமைதியான இடத்துல இருக்காதீங்க. மெதுவா ஏதாவது சத்தம் பின்னால ஓடட்டும்."

'மெதுவா' என்பதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் வீட்டுக்கு எடுத்துப் போனேன்.

இரைச்சலுக்கு நிறங்கள் இருக்கின்றன. வெள்ளை இரைச்சலில் எல்லாச் சுருதிகளும் ஒரே பலத்தில் இருக்கும். நிலையம் கிடைக்காத ரேடியோ மாதிரி. இளஞ்சிவப்பில் மேல் சுருதிகள் தணிந்திருக்கும். சீராகப் பெய்யும் மழை மாதிரி. பழுப்பு இன்னும் அடித்தொண்டை. ஏரி நிரம்பி உபரிநீர் கலங்கலில் வழிவதைத் தள்ளி நின்று கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

மைக் செட்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிர்த் தெருக் கோயிலில் சத்தம் ஏறினால் நாமும் ஏற்றுவோம். என் கீச்சொலியையும் போட்டிக்கு வந்த குழாயாகவே நடத்தினோம். நைனா கடையிலிருந்து ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து கூடத்தில் நிறுத்தினார். வெள்ளை இரைச்சலைப் போட்டேன்.

"இப்ப கேக்குதா பாப்பா?"

"லேசா கேக்குது நைனா."

"ஏத்து."

சமையலறையிலிருந்து அம்மா வந்தார். "இன்னா, அப்பனும் பொண்ணும் வூட்டுக்குள்ளயே ரைஸ்மில்லு வெச்சிட்டீங்களா? கொழம்புக்கு உப்பு போட்டனான்னு கூட நெனப்பு இல்ல!"

"நீ கம்முனு இரு. அவ காதுல கீறவன் எறங்கி ஓடணும்."

அவன் ஓடவில்லை. பெட்டியை அணைத்ததும் முன்னைவிட உரக்கக் கத்தினான். சுவரில் சாய்ந்து அழுதேன். நைனா ஒயரைச் சுருட்டியபடி என்னைப் பார்க்காமல் நின்றார்.

மறுபடி போய் நடந்ததைச் சொன்னதும் மருத்துவர் கோபித்துக்கொண்டார். "அடிபட்ட காதுக்கு மறுபடி அடியா? மூழ்கடிக்கக் கூடாது. கீச்சொலி மெலிசா தெரியணும், அதோட இது கலக்கணும். அப்பதான் மூளை அதை ஆபத்தில்லன்னு விடும். எந்த நிறம்ங்கறது ஆளுக்கு ஆள் மாறும்."

மறுபடி தொடங்கினேன், சின்ன ஸ்பீக்கரில், பேச்சுக் குரலுக்கும் கீழே. வெள்ளை என் காதைச் சுரண்டியது, விட்டுவிட்டேன். பழுப்பை ஓடவிட்டால் படிக்க முடிந்தது. இளஞ்சிவப்பில் தூக்கம் வந்தது. ஒரே நாளில் இல்லை. உங்களுக்கு இது தலைகீழாகவும் இருக்கலாம். திடீரென்று ஒரு காது மந்தமானாலோ, ஒரு பக்கம் மட்டும் இரைந்தாலோ, நிறம் தேடாதீர்கள். முதலில் மருத்துவரிடம் ஓடுங்கள்.

ஒரு மதியம், வேறு இரைச்சல் கிடைக்குமா என்று பார்க்க, கடையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் கீழ்ச் சுருதிகளையெல்லாம் வெட்டிவிட்டு மேல் 'ஸ்ஸ்'ஸை மட்டும் வைத்தேன்.

"எப்படி கீது நைனா?"

"எது? போடு மொதல்ல."

"ஓடிக்கினு கீதே!"

மிக்ஸரில் விளக்கு குதிப்பதைப் பார்த்தார். ஸ்பீக்கர் அருகே குனிந்தார். உதட்டைப் பிதுக்கினார். எல்லாவற்றையும் அணைத்தேன்.

"இப்ப?"

"இப்ப எப்பவும் போல 'ஙொய்'னு கீது."

"எப்பவும் போலன்னா?"

"எல்லாச் சத்தமும் நின்னா காதுல வருமே, அது. எல்லாருக்கும் கேக்கறதுதான?"

"இல்ல நைனா. எத்தினி வருசமா?"

"யாருக்குத் தெரியும். உங்கம்மாவைக் கட்டிக்கினப்பவே இருந்துது. நான் அவதான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு முடியவில்லை. மார்கழிக் குளிரிலும் ஃபேனை முழு வேகத்தில் வைத்தால்தான் தூங்குவேன் என்று வருடா வருடம் அம்மாவோடு சண்டை போடுகிற மனிதர். தனக்கு வேண்டிய இரைச்சலை, அதன் பெயர் தெரியாமலே, தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அவர் காது மடலைத் தொட்டேன். "இன்னா பாப்பா, வலியா கீது உனக்கு?" என்று என்னைக் கேட்டார்.

என் கீச்சொலி நிற்கவில்லை. ஆனால் சில மதியங்கள் அதை நினைக்காமலே கழிந்துவிடுகின்றன. கழிந்த பிறகுதான் தெரிகிறது. உடம்பு எனக்கே தெரியாமல் எனக்குக் கொடுத்த நேரம் அது. தேர்வுக்கு விண்ணப்பித்துவிட்டேன்.

அடுத்த வாரம் நைனாவுக்குச் செவித்திறன் சோதனை. மேல் சுருதி எட்டாத காதுக்கு வெள்ளை உதவாது என்பது என் ஊகம். மருத்துவரிடம் கேட்க வேண்டும். அதற்குள் ஒன்றைச் செய்து பார்க்கப்போகிறேன். சாப்பிட்டுவிட்டு அவர் படுத்ததும், தலைமாட்டில் பழுப்பை மெல்ல ஓடவிட்டு, ஃபேனை அணைப்பேன்.