கார்குழலிக்கு நான் கொடுத்த இளநீர்

என் பெண்டாட்டி கார்குழலிக்கு எதையும் அடக்கிக்கொள்ளத் தெரியும். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனியில் பதினோரு வருஷமாகப் பேக்கிங் வேலை. அங்கே இருக்கும் கக்கூஸ் நாற்றத்துக்குப் பயந்து, ஷிப்டு முடியும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டாள். நின்று நின்று இடுப்பு வலித்தால் மெடிக்கலில் வலி மாத்திரை, தினம் இரண்டு. எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன், காதில் போட்டுக்கொண்டால்தானே!

சித்திரை வெயிலில் ஒருநாள் முகம் வீங்கி எழுந்தாள்.

"நேத்துலேர்ந்து ஒண்ணுக்கே சரியா வரலங்க."

"சூடு புடிச்சிருக்கும்டி."

பெரிய டாக்டர் நான்! வீட்டுக்குப் பக்கத்தில் தவளக்குப்பம் ஜங்ஷனில் இளநீர் வாங்கி வந்தேன். அன்றைக்கு மூன்று, மறுநாள் நான்கு. வேண்டாம் என்றவளை அதட்டிக் குடிக்கவைத்தேன். மூன்றாம் நாள் கால் துவண்டு உட்கார்ந்துவிட்டாள். "நெஞ்சு என்னமோ பண்ணுதுங்க" என்றாள். ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு ஓடினேன்.

டாக்டர் ஹேமலதா ஸ்கேன் பார்த்தார். "கல்லு, அடைப்பு எதுவும் இல்ல. தண்ணி இல்லாத ஒடம்புல வலி மாத்திர போயி கிட்னிய அடிச்சிருக்கு. வீட்ல என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணும் குடுக்கல மேடம்" என்று கார்குழலி மூச்சிரைக்க முந்திக்கொண்டாள். என்னை யாரும் திட்டிவிடக் கூடாதாம். அந்த நிலைமையிலும்!

நானும் வெட்கத்தில் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். பிறகு அவள் உதடு வெளுத்திருப்பதைப் பார்த்தேன்.

"ரெண்டு நாள்ல ஏழு எளநீ குடுத்தேன் மேடம்."

டாக்டர் முகம் மாறியது. கிட்னி வேலை செய்யாதபோது இளநீரில் இருக்கும் பொட்டாசியம் வெளியே போகாதாம். ரத்தத்தில் ஏறி இதயத்தையே நிறுத்திவிடுமாம். ஈசிஜி, ஊசி, டயாலிசிஸ் என்று ஆளாளுக்கு ஓடினார்கள். "நல்லவேள சொன்னீங்க. ரத்த ரிசல்ட் வர்றதுக்குள்ள..." என்று தொடங்கிய நர்ஸ் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மூன்று நாள் கட்டிலோரம் தொங்கிய மூத்திரப் பையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடியில் கொஞ்சம் கலங்கல், அவ்வளவுதான். செத்துவிடுவாளோ, நானே கொன்றுவிட்டேனோ? நான்காம் நாள் காலையில் குழாயில் மஞ்சளாக இறங்கியது.

"வருதுடி!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

"அந்த டாக்டரம்மா உங்கள திட்டுனாங்களா?"

"இல்லடி" என்றேன். திட்டியிருந்தால் தேவலை.