பித்தளைக்கும் இரும்புக்கும் நடுவே யூசுப் பாய்

யூசுப் பாய் போய்விட்ட செய்தியை அவருடைய அக்கா மகன் பள்ளிக்கூடத்துக்கே வந்து சொன்னார். "மாமா காத்தால மவுத்தாயிட்டாரு டீச்சர். உங்க கைல சொல்லச் சொல்லி மாமி அனுப்பிச்சாங்க." வேதியியல் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

கிழக்குத் தாம்பரத்தில் குழாய் வைத்த வீட்டுக்காரர் யாருக்கும் பிளம்பர் பாயை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. அவருடைய பிடிவாதமும் உங்களுக்குத் தெரியும். எங்கே ஓட்டை என்று வாயால் சொல்லமாட்டார். வீட்டுக்காரரைச் சிங்குக்கு அடியில் குந்தவைத்து, கையால் தொடவைத்த பிறகுதான் மற்றதெல்லாம். "நின்னுகினு பாத்தா எல்லாக் குழாயும் நல்லாத்தான் கீது" என்பார்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டில், சமையலறை சிங்கின் கழிவுக் குழாய் ஒரே வருடத்தில் இரண்டாம் முறை அரித்து ஒழுகியது. வீட்டுக்காரர் என் வேலையை வைத்தே முடிவுகட்டிவிட்டார். "ஸ்கூல்லேர்ந்து ஆசிட் கொண்டுவந்து ஊத்தறீங்களா? மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிடுங்க" என்றார். கைக்குழந்தையோடு எங்கே போவது? வேறு வீடு கிடைத்தாலும் 'ஆசிட் டீச்சர்' என்ற பெயரும் கூடவே வருமே. நான் செய்ததெல்லாம் பித்தளைப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்ததுதான். அதனால்தானோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

பாய் வந்து குழாயைக் கழற்றினார். வழக்கம்போல வீட்டுக்காரரை வேட்டியை மடித்துக் கட்டச் சொல்லிக் குந்தவைத்தார்.

"ஆசிட்டுன்னா கீழ வரிக்கும் தின்னுருக்கும் சார். தொட்டுப் பாருங்க, பித்தளை மூட்டு கிட்ட மட்டும்தான் இரும்பு பொடியா உதுருது. உப்புத் தண்ணில ரெண்டும் ஒட்டிகினு இருந்தா இரும்புதான் போவும். நடுவுல ரப்பர் வச்சிருக்கணும். போன வாட்டி அவசரத்துல வுட்டுட்டேன். தப்பு என்னுது. டீச்சர ஒண்ணும் சொல்லாதீங்க."

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. இரண்டு உலோகமும் உப்புநீரும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று வருடா வருடம் கரும்பலகையில் படம் போட்டு நடத்துகிறவள் நான். என் வீட்டு சிங்குக்கு அடியில் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

நாங்கள் அந்த வீட்டிலேயே இருந்தோம். ஆனால் வீட்டுக்காரர் ஊரப்பாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டின் குழாய் வேலை பாய்க்கு வருவதாக இருந்தது. அது வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. "புளித்தண்ணியாலன்னு சொல்லியிருக்கலாமே பாய்?" என்று கேட்டேன்.

சிரித்தார். "சொல்லிருக்கலாம். நீங்களும் நம்பிகினு வூட்டக் காலி பண்ணிருப்பீங்க டீச்சர்."

முன்பெல்லாம் வகுப்பில் சமன்பாட்டைத் தப்பாக எழுதிவிட்டால், "யார் கவனிக்கிறீர்கள் என்று பார்த்தேன்" என்று சமாளித்துத் துடைத்துவிடுவேன். அதற்குப் பிறகு அப்படிச் செய்ய மனம் வரவில்லை. பிள்ளைகள் பக்கம் திரும்பி, "தப்பு என்னுடையது" என்று சொல்லிவிடுகிறேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான். எந்த வகுப்பும் அதற்காக என்னை மதிக்காமல் போனதில்லை.

நேற்றும் ஒரு முறை சொன்னேன், பாய்.